எல்லாரும் போய்விட்டால் வருகிற டொலரை வைத்து என்ன செய்வது?

வெள்ளவத்தை ஒழுங்கை

2024ல் வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் இலங்கைக்கு வங்கி வழியாக அனுப்பிய காசு ஏறக்குறைய 6.57 பில்லியன் டொலர். அதே வருடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். இரண்டையும் ஒரே மேடையில் சாதனை என்று சொல்கிறார்கள். முதலாவதைச் சொல்லட்டும், பரவாயில்லை. இரண்டாவதை எந்தக் கணக்கில் சாதனை என்பது?

இத்தனைக்கும் அந்த 3 இலட்சத்தில் மாணவர் விசாக்காரர் இல்லை. விசிட்டர் விசாவில் கனடா போய் அங்கேயே அகதி கேட்டவர்கள் இல்லை. குடும்பத்தோடு பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட விசா, எடுத்து அவுஸ்திரேலியா போனவர்களும் இல்லை.

என்னுடைய வாதம் இது: வருகிற காசேதான் அடுத்த ஆளை அனுப்புகிறது. வெளிநாட்டுக் காசு இங்கே தொழிற்சாலைக்குள் போவது குறைவு. காணிக்குள், சீமெந்துக்குள், சீதனத்துக்குள் போகிறது. காணி ஏறுகிறது, மேசன் கூலி ஏறுகிறது, வாடகை ஏறுகிறது. இங்கேயே சம்பளம் வாங்கி இங்கேயே செலவழிப்பவனால் அந்த விலையைத் தொட முடியாது. அவன் என்ன செய்வான்? அவனும் ஏஜென்சியைத் தேடுவான்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. பாதி வீட்டுக்கு மேல் பூட்டுத்தான். சொந்தக்காரர்கள் சூரிச்சிலும் டொரொன்டோவிலும். பராமரிப்புக் காசு மட்டும் மாதம் தவறாமல் வந்துவிடும், இங்கே இருப்பவர்களைவிட ஒழுங்காக. வோச்சர் ஐயா கிழமைக்கு ஒரு தரம் சாவிக் கொத்தோடு போய் ஒவ்வொரு பூட்டிய வீட்டிலும் பைப்பைத் திறந்து குளியலறைக் கானுக்குத் தண்ணீர் விட்டு வருவார். விடாவிட்டால் கான் காய்ந்து கரப்பான் மேலே ஏறும். அவருடைய வேலையில் பெரும்பங்கு ஆளில்லாத வீடுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான். அதே ஒழுங்கையில், வங்கியில் வேலை செய்யும் புதுக் கல்யாணச் சோடி ஒன்று வாடகைக்கு இரண்டு அறை கிடைக்காமல் கொட்டாவைப் பக்கம் போய்விட்டது.

உங்கள் கருத்து என்ன? திட்டுவதானாலும் திட்டலாம்.


ஐந்தொகை

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை பேசுகிறேன். காணி விலைக் கதை சரி. ஆனால் அந்தக் காசு இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோமே?

2020ல் வந்தது 7.1 பில்லியன். 2021ல் 5.5. 2022ல் 3.8க்குக் கீழே. அந்த இரண்டு வருடமும் வெளிநாட்டில் இருந்தவர்கள் அம்மாவுக்குக் காசு அனுப்புவதை விட்டுவிட்டார்களா? இல்லை, பாதையை மாற்றினார்கள். மத்திய வங்கி டொலரை 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்தது, வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரன் அதற்கு மேல் எவ்வளவோ கொடுத்தான். வங்கியில் போட்டால் நட்டம் என்று தெரிந்தும் யார் போடுவார்கள்? ரூபாய் அம்மாவின் கைக்கு வந்தது, டொலர் நாட்டுக்குள் வரவே இல்லை. 2022 மார்ச்சில் பிடியை விட்டபோது டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. பெற்றோல் லைனில் நின்றவர்களுக்கு மிச்சக் கதை தெரியும்.

2023ல் இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் இடையிலான பற்றாக்குறை 4.9 பில்லியன் அளவு. அந்த வருடம் வெளிநாட்டுக் காசு 5.97 பில்லியன். அதாவது பள்ளத்தை மூடியது குவைத்தில் வீட்டு வேலை செய்பவளும் கட்டாரில் கம்பி கட்டுகிறவனும். அவர்களைக் குறை சொல்லும் முன் இந்த இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.


டோக்கன் 

இந்த இழையை பத்தரமுல்லையில் பாஸ்போர்ட் லைனில் நின்று வாசிக்கிறேன். கொஞ்சம் மெதுவாக எழுதுங்கள், லைன் நகர்கிறது.


வார்ட் அக்கா

நான் அரச ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. பெயரும் இடமும் வேண்டாம்.

எல்லாரும் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணுகிறீர்கள். எங்கள் விடுதியில் எண்ணிக்கை அவ்வளவு மோசமில்லை, போன இடத்துக்குப் புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். யார் போனார்கள் என்று பாருங்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு வருட அனுபவக்காரர். 2022 ஜூனில் அரச ஊழியர் சம்பளமில்லாத விடுமுறையில் 5 வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது, அதில் கொஞ்சப் பேர். ஓஈடி ஆங்கிலச் சோதனை பாஸ் பண்ணி இங்கிலாந்துக்குக் கொஞ்சப் பேர். மேலே ஓய்வுக்கு நாள் எண்ணும் மிஸ்மார் இருக்கிறார்கள், கீழே பயிற்சி முடித்து நேற்று வந்தவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஆள் இல்லை.

அந்த நடு ஆட்கள்தான் கற்பித்தவர்கள். சர்க்கரை வருத்தம் முற்றிய கிழவருக்கு நரம்பு அகப்படாது, கனுலா போடக் கை பழகியிருக்க வேண்டும். புதுப் பிள்ளை இரண்டு தரம் குத்திப் பார்த்துவிட்டுக் கை நடுங்கி நிற்பாள். முன்பென்றால் பக்கத்தில் ஒருத்தி வந்து, “கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடு, ஒரு நிமிடம் பொறு, இப்போது தொட்டுப் பார்” என்று சொல்லிக் கொடுப்பாள். இரவு வேலையில் இப்போது அதைச் சொல்ல நான் ஒருத்தி, விடுதியின் மறு கோடியில் வேறொரு கட்டிலில் நிற்பேன். புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, இது மட்டும் இல்லை.

6 பில்லியன் டொலரை என் மேசையில் வைத்தாலும் பத்து வருட அனுபவமுள்ள ஒரு தாதியை வாங்க இன்னும் பத்து வருடம் ஆகும். ஐந்தொகைத் தம்பி, இதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

வைத்தியர்கள் கதை உங்களுக்கே தெரியும். 2023ல் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் சிறுவர் விடுதி ஒன்றை மூடவேண்டி வந்தது செய்தியில் வந்தது, பிள்ளைகளைப் பார்க்கும் நிபுணர்கள் வெளிநாடு போய்விட்டதால். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது, காசிருந்தால் தப்பலாம். அநுராதபுரத்தில் தலையில் துண்டோடு பிள்ளையைத் தூக்கி வருகிற விவசாயி எங்கே போவார்?


ஸ்கார்பரோ சித்தப்பா

தம்பிமார், கொஞ்சம் நிதானம். எங்களை ஏதோ ஆசைக்கு விமானம் ஏறினவர்கள் மாதிரிக் கதைக்கிறீர்கள். 83 யூலையில் கொழும்பில் எங்கட வீடு எரிந்தது, கப்பலில் யாழ்ப்பாணம் போனோம். அங்கேயும் இருக்க விடவில்லை. நான் கனடாவில் பனியில் கார் கழுவி, இரவில் தொழிற்சாலையில் நின்று அனுப்பின காசில்தான் இரண்டு தங்கச்சிமார் கல்யாணம் முடித்தார்கள், ஒரு தம்பி வெள்ளவத்தையில் லொட்ஜில் மாதக்கணக்காக இருந்து சுவிஸுக்குப் போனான். 95 இடப்பெயர்வில் ஊர் சாப்பிட்டது யாருடைய காசில்? வங்கி மூடியிருந்த காலத்தில் நீங்கள் பழிக்கிற அந்த உண்டியல்தான் சாப்பாடு போட்டது.

பூட்டின ஃபிளாட் என்னிடமும் ஒன்று இருக்கிறது. வயது போனபின் வந்து இருக்கலாம் என்று வாங்கினது. மகள் இங்கே, பேரப்பிள்ளை இங்கே, எனக்கு இருதயத்தில் ஸ்டென்ட், டொக்டர் இங்கே. வரவா முடியும்? விற்கவும் மனம் வரவில்லை. இதில் என்ன குற்றம்?


வெள்ளவத்தை ஒழுங்கை

சித்தப்பா, குற்றம் ஒன்றுமில்லை. உயிருக்குப் பயந்து போனவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஃபிளாட்டை விற்க வேண்டாம், வாடகைக்காவது கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆள் இருக்கிற வீடு கரப்பான் ஏறாது.


ஸ்கார்பரோ சித்தப்பா

வாடகைக்குக் கொடுத்தால் பிறகு ஆளை எழுப்ப வழக்குப் போட வேண்டும் என்று தம்பி சொல்கிறான். யோசிப்பம்.


நாலாம் குறுக்குத் தெரு

புறக்கோட்டையில் மொத்தக் கடை, வீடு மருதானை. எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

கடையில் மூட்டை தூக்க ஆள் இல்லை. பேக்கரியில் பாண் போடுகிற பாஸ் துபாய் போய்விட்டார், முதலாளியே அதிகாலையில் எழும்பி மாவு குழைக்கிறார். முச்சக்கர வண்டி ஓட்டின பெடியன் ருமேனியா, மேசன் கட்டார், தச்சன் கொரியா வேலைக்கான மொழிச் சோதனைக்குப் படிக்கிறான். கேரளாவில் வளைகுடாக் காசு வந்து வீடு எழும்பியது, கட்டுவதற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் வந்தது. நமக்கு அப்படி ஆள் தர யாரும் இல்லை. கொழும்பில் பெரிய கட்டட வேலைகளில் இந்தியாக்காரரைப் பார்க்கலாம், என் கடைக்கு அவர் வருவாரா?

ஆனாலும் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொழும்பு ஏழையின் வீட்டில் சவூதி அல்லது குவைத் இல்லாவிட்டால் கூரை இல்லை. என் ராத்தா, அதாவது அக்கா, இரண்டு தரம் போய் வந்தவர். முதல் தரம் போகும்போது மகன் நடக்கத் தொடங்கவில்லை, வரும்போது “இவங்க யாரு” என்று எங்கள் உம்மாவிடம், அதாவது அவனுடைய மூத்தம்மாவிடம், கேட்டான். இன்று அவன் ஏ.எல். பாஸ், அந்தக் காசில்தான் படித்தான், ஆனால் இன்றைக்கும் எதற்கென்றாலும் அவன் போவது மூத்தம்மாவிடம்.

மூதூர் ரிசானா நபீக்கை யாரும் மறக்கவில்லை. வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போர்ட்டில் 2005ல் போன பிள்ளை, 2013 ஜனவரியில் சவூதியில் தலை வெட்டினார்கள். அதே 2013ல் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய் வீட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. நடந்தது என்ன? கிராமத்தில் கையெழுத்து வைக்கிறவருக்கு ஒரு வருமானம் கூடியது, மற்றவர்கள் விசிட் விசாவில் களவாகப் போனார்கள். பிறகு டொலர் இல்லாமல் போனதும் சட்டத்தைத் தளர்த்தினார்கள். தாய்ப்பாசத்துக்கும் டொலருக்கும் போட்டி வைத்தால் நம் அரசாங்கம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துவிட்டது.


டோக்கன்

நானா, நீங்கள் சம்பளத்தைக் கூட்டினால் ஆள் வரும். 😀


நாலாம் குறுக்குத் தெரு

கூட்டினேன் தம்பி. வாங்கிக்கொண்டு அதில் ஏஜென்சிக்கு அட்வான்ஸ் கட்டினான்.


ஹட்டன் கடைசி பஸ்

அந்த நாலாம் குறுக்குத் தெருக் கடைகளில் மூட்டை தூக்கியவர்கள் நாங்கள்தான். இப்போது நான் பொரளையில் ஒரு அச்சகத்தில் இருக்கிறேன், அப்பா இன்னும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில்.

“நாட்டைவிட்டுப் போகிறார்கள்” என்று பேசும்போது ஏன் எல்லோரும் 83லிருந்து தொடங்குகிறீர்கள்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் மலையக மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்க வேண்டும், 3 இலட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்று இரண்டு அரசாங்கமும் ஆளைப் பிரித்துக்கொண்டன. மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974ல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். போகிறவனிடம் யாரும் கேட்கவில்லை. என் பெரியப்பா குடும்பம் தமிழ்நாட்டில் கூடலூரில், நாங்கள் இங்கே. அவர்கள் டொலரும் அனுப்பவில்லை, ஃபிளாட்டும் வாங்கவில்லை. அங்கேயும் தேயிலைதான் பறித்தார்கள்.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? தோட்டத்தில் 2024 சம்பள உயர்வுக்குப் பிறகும் நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. தோட்டத்துக் காசுக்கு மலை ஏற இளம் பெண்கள் விரும்புவதில்லை, குவைத் அல்லது கொழும்பு. அங்கே கொழுந்து பறிப்பவர்களைப் பார்த்தால் முக்கால்வாசி என் அம்மா வயது. பறிக்க ஆள் இல்லாமல் மலை காடாகிறது, காடானதும் கொழுந்து குறைகிறது, கொழுந்து குறைந்ததும் வேலை நாள் குறைகிறது, இன்னும் நாலு பேர் பையைக் கட்டுகிறார்கள். முதல் பதிவுக்காரர் காசு ஆளை அனுப்புகிறது என்றார். எங்கள் பக்கத்தில் காசு இல்லாமையே அனுப்புகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து சொல்லாதீர்கள்.


வெள்ளவத்தை ஒழுங்கை

இது நியாயமான அடி. ஆனால் ஒன்று கேட்கிறேன்: குவைத்திலிருந்து வரும் காசில் தோட்டத்தில் என்ன நடந்திருக்கிறது?


ஹட்டன் கடைசி பஸ்

பிள்ளைகள் ஓ.எல். தாண்டியிருக்கிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் லயத்தில் காணி நமக்குச் சொந்தமில்லை, அதனால் காசைப் போட இடமும் இல்லை. டீவி, பிரிட்ஜ், டியூஷன், கொஞ்சம் நகை, நகை அடகு. உங்கள் பக்கத்தில் காணி விலை ஏறுகிறது என்று அழுகிறீர்கள், எங்களுக்கு விலை ஏறுவதற்குக் காணியே இல்லை.


ஐந்தொகை

வார்ட் அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். எந்தப் பக்கத்திலும் எழுத முடியாது அக்கா, அது எங்கள் புத்தகத்தில் வராது. 1945ல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த நாளிலிருந்து ஒரு வைத்தியரையோ பொறியியலாளரையோ முதலாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை வளர்ப்பது வரிக்காசு. தாதியர் பயிற்சியில் மேலதிகமாகக் கொடுப்பனவும் கொடுக்கிறோம். பலன் இங்கிலாந்துக்கு. பொண்ட், அதாவது இத்தனை வருடம் இங்கே வேலை செய்யாவிட்டால் காசு கட்டுவேன் என்ற ஒப்பந்தம், எழுதி வாங்குகிறோம் என்பார்கள். டொலர் 360க்குப் போனபோது ரூபாயில் எழுதின பொண்டைப் பவுண் சம்பளத்தில் கட்டிவிட்டுப் போவது யாருக்குக் கஷ்டம்?

யாரும் பேசாத இன்னொன்று, ஆசனங்கள். நாடாளுமன்றத்துக்கு மாவட்டத்துக்கு எத்தனை பேர் என்பது பெரும்பாலும் பதிவான வாக்காளர் தொகையை வைத்துத்தான் பிரிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு, கிளிநொச்சியும் சேர்த்து, 2010ல் 9 ஆசனம். 2015ல் 7. 2024ல் 6. யுத்தம் முடிந்த பிறகு நடந்த கதை இது. வெளியே இருக்கிறவர் அங்கிருந்து வாக்குப் போட முடியாது. ஸ்கார்பரோவில் எத்தனை பெரிய ஊர்வலம் போனாலும் அந்த மூன்று கதிரை திரும்பி வராது. ஆள் இல்லாவிட்டால் குரல் இல்லை, எண்ணிக்கையே அரசியல். பறங்கியரைப் பாருங்கள். 1956 சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ரயில்வே, சுங்கம், தபால் என்று நாட்டை ஓட்டினவர்கள். இன்று கொழும்பில் அவர்கள் பெயரில் வீதிகள் இருக்கின்றன, வாக்கு இல்லை.


ஸ்கார்பரோ சித்தப்பா

9லிருந்து 6 என்பது எனக்குத் தெரியாது. இங்கே ஒருவரும் இதைக் கதைப்பதில்லை. கோயிலுக்கு இராசகோபுரம் கட்டக் காசு கேட்டு மட்டும் கடிதம் வரும்.


வார்ட் அக்கா

இராசகோபுரம் வேண்டாம் ஐயா, ஊருக்கு ஒரு முதியோர் பகல் நிலையத்துக்குக் காசு கொடுங்கள். அதுவும் கட்டடத்துக்கு இல்லை, இரண்டு பேரின் மாதச் சம்பளத்துக்கு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற ஒரு அம்மா எங்களிடம் அனுமதியானால் கையில் நல்ல போன் இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்காது. மகன் வீடியோவில் வந்து “மிஸ், பெஸ்ட் மருந்து கொடுங்கள், காசு பிரச்சினை இல்லை” என்பார். அந்த அம்மாவுக்குத் தேவை படுக்கையிலிருந்து மலசலகூடத்துக்குப் பிடித்துக்கொண்டு போக ஒரு கை. சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைக்க ஒரு ஆள். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைத் தேடிப்பிடிக்கவே அரை நாள் போகும். காசு இருக்கிற தனிமையை நான் இந்த வேலைக்கு வந்துதான் பார்த்தேன்.


டோக்கன்

விரலடையாளம் வைத்தாயிற்று. வெளியே டீக்கடையில் இருக்கிறேன், இனி ஆறுதலாக எழுதலாம்.

எனக்கு 31 வயது, ஐ.டி. சப்போர்ட். 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் எடுத்தால் வரி, மேலே போகப் போக 36 வீதம் வரை. 2025 ஏப்ரலில் அந்த எல்லையை ஒன்றரை இலட்சம் ஆக்கினார்கள், நல்லது. ஆனால் வரி மட்டும்தான் காரணம் என்றால் நான் போகமாட்டேன். வரி கட்டியும் அம்மாவை எம்.ஆர்.ஐ.க்குத் தனியாரில் காசு கட்டித்தான் எடுத்தேன், அரச ஆஸ்பத்திரியில் திகதி எட்டு மாதம் தள்ளி. வரியும் கட்டி, சேவையையும் காசு கொடுத்து வாங்கி, வாடகையும் கட்டி, எப்போது ஒரு வீடு? நீங்கள் எல்லோரும் நாட்டின் கணக்குப் பார்க்கிறீர்கள். நான் என் கணக்குப் பார்க்கிறேன். இரண்டும் பிழையில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவும் இல்லை.

என் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஏழெட்டுப் பேர்தான் இன்னும் கொழும்பு நேரத்தில் இருக்கிறார்கள். “போகாதே” என்று சொல்பவர்கள் எல்லோரும் போனவர்கள்.

களவாகக் கடலில் போகவும் மாட்டேன். 2022 நவம்பரில் கனடா என்று சொல்லி ஏற்றிய 303 பேரை நடுக்கடலில் மீட்டு வியட்நாமில் இறக்கினார்கள், அதில் எங்கள் ஒழுங்கைப் பெடியனும் ஒருவன். காணியை விற்றுக் கட்டின காசு. இன்று அவன் ஊபர் ஓடுகிறான், ஓடிக்கொண்டே அடுத்த ஏஜென்சிக்குச் சேர்க்கிறான்.

வார்ட் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நான் போனால் அம்மா தனிய. பிரஷர், சீனி இரண்டும் இருக்கிறது. என்ன ஒழுங்கு செய்துவிட்டுப் போக வேண்டும்? அப்புறம் ஐந்தொகை அண்ணா, ஈ.பி.எஃப்., ஊழியர் சேமலாப நிதிக் காசை, எடுக்கலாமா?


வார்ட் அக்கா

முதலில் அம்மாவைப் பக்கத்து அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் பதியுங்கள், தனியாரில் மட்டும் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கிளினிக் கொப்பியில் எல்லா வருத்தமும் எழுதியிருந்தால் நடு இரவில் கொண்டுவந்தாலும் எங்களுக்கு விளங்கும். கொப்பியின் முன்பக்கத்தில் இரண்டு தொலைபேசி இலக்கம் எழுதுங்கள், இரண்டும் இலங்கை இலக்கம். உங்கள் வெளிநாட்டு இலக்கத்தை மூன்றாவதாகப் போடலாம். மருந்து எடுத்துவர ஒருவரைப் பேசிச் சம்பளம் கொடுங்கள், அன்புக்குச் செய்கிறேன் என்பவர் மூன்று மாதத்தில் களைத்துவிடுவார். கண்ணும் காலும் வருடத்துக்கு ஒரு தரம் சோதிக்க வேண்டும், சீனி வருத்தத்துக்கு அது முக்கியம்.


ஐந்தொகை

ஈ.பி.எஃப். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் எடுக்கலாம், அதற்கு நிரந்தர வதிவிட விசாவைக் காட்ட வேண்டும். வேலை விசாவிலோ விசிட்டரிலோ போனால் கேட்டுப் பிரயோசனமில்லை, கிடக்கட்டும், வட்டி சேரும். போகும் முன் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்துவிட்டுப் போங்கள், அம்மாவுக்கு மாதாமாதம் ரூபாய்க் கணக்குக்கு மாற்ற நிலையான கட்டளை கொடுக்கலாம்.

உண்டியலில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் 2022 பெற்றோல் லைனில் நின்ற என் சாபம் உங்களைச் சும்மா விடாது.


நாலாம் குறுக்குத் தெரு

தம்பி, போகும் முன் கடைப் பக்கம் வந்துவிட்டுப் போங்கள். கணினி பில் போடுகிற மெஷின் பழுது, அதைப் பார்க்கிறவர் மெல்பேர்னில்.